நாயனம் கோயில் வாசலில், தவில் தேரடியில்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

"இயற்பியல் படிக்கும் பெண்ணுக்கு மேளக் கச்சேரியில் என்ன வேலை?" என்று தலைப்பைக் கண்டவர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. என் தந்தையார் தவில் வாசிப்பவர். தாய்மாமன் நாயனம். கடந்த சில ஆண்டுகளாக மாமா திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு, திருவிழா நாட்களில் மட்டும் ஊருக்கு வந்து போகிறார். முன்பெல்லாம் ஒரு கோயிலில் வாசித்ததைக் கேட்டு அடுத்த கோயிலில் அழைப்பார்கள். இன்றோ, "உங்க செட்டு வாசிச்சதை வாட்ஸ்அப்புல அனுப்புங்க, கேட்டுட்டுச் சொல்றோம்" என்கிறார்கள். எங்களிடம் இருந்ததெல்லாம் கல்யாண மண்டபத்தில் யாரோ செல்போனில் எடுத்த படம். அதில் தவிலைவிடச் சாப்பாட்டுப் பந்தியின் இரைச்சலே மிகுதி. சென்ற ஆண்டு பங்குனியில் அதை அனுப்பி, பதில் வராமல் போன இடங்கள் மூன்று.

ஆகவே நல்ல ஒலிப்பதிவு ஒன்று வேண்டும் என்றாயிற்று. ஒலிப்பதிவுக் கூடத்திற்கு மணிக்கணக்கில் வாடகை தர எங்களால் இயலாது. இருவரும் ஒன்றாய் இருக்கும் நாட்களில் மூச்சுவிட நேரமிராது. இந்நிலையில்தான் உலாவி வழியே இசை அமைக்கும் தளங்களைப் பற்றி மூத்த மாணவர் ஒருவர் சொன்னார். அதனைக் கொண்டு நாங்கள் பட்ட பாட்டையும், அதற்குத் துணை நின்ற 'துணைச் செயலி' என்பது யாது, அதை எவ்வாறு நிறுவ வேண்டும் என்பதையும் விளக்கவே இதை எழுதத் துணிந்தேன். நான் பயன்படுத்திய தளத்தின் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் விளம்பரம்போல் ஆகிவிடும். மேலும் முறை எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றே.

முன்பு கணிப்பொறியில் இசை அமைக்க வேண்டுமென்றால் அதற்கென்று பெரிய மென்பொருளை நிறுவியாக வேண்டும். இன்று குரோம் போன்ற உலாவிகளுக்குள்ளேயே ஒலியை உண்டாக்கவும் கலக்கவும் வசதி உண்டு. 'வெப் ஆடியோ' எனப்படும் இந்த ஏற்பாடு 2021ஆம் ஆண்டில் முறையான இணையத் தரமாக ஏற்கப்பட்டது. இதனால் கிட்டும் பெரும் பயன், ஒரே பாட்டின் மீது இரண்டு ஊர்களில் இருந்து இருவர் வேலை செய்யலாம் என்பது. மாமா தம் அறைத் தோழர்கள் இரவு ஷிப்டுக்குப் போனபின் நாயனத்தை வாசித்துச் செல்போன் வழியே தளத்தில் ஏற்றிவிட்டார். (பக்கத்து அறைக்காரர் வந்து கதவைத் தட்டியது பதிவின் கடைசியில் கேட்கிறது. அதை வெட்டிவிட்டேன்.) அப்பா அதைக் கேட்டுக்கொண்டே தவில் வாசித்து அடுத்த வரிசையில் பதிய வேண்டும். அவ்வளவுதான் வேலை என்று நினைத்தேன்.

எங்களிடம் இருந்த கருவி என் அக்காவின் மடிக்கணினி. 2018இல் அவர் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. அக்கா மில் வேலைக்குப் போய்விட, அது என்னிடம் வந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால், அதன் மீது எனக்கே உரிமை அதிகம் என்று வீட்டில் தீர்ப்பாயிற்று. அக்கா இன்றுவரை அத்தீர்ப்பை ஒப்புக்கொண்டதில்லை.

முதல் நாள் இரவு, அண்டை வீட்டுத் தம்பியிடம் வாங்கிய புளூடூத் ஹெட்போனை அப்பாவின் காதில் மாட்டினேன். வாசித்து முடித்தார். இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டபோது தாளம் முழுதும் பின்தங்கிக் கிடந்தது. அப்பா தலையை ஆட்டிவிட்டு, "என்ன பாப்பா, மாப்பிள்ளை கோயில் வாசல்ல நின்னு ஊதுற மாதிரியும், நான் தேரடியில நின்னு அடிக்கிற மாதிரியும்ல இருக்கு" என்றார்.

அவர் பள்ளிக்கூடம் போனது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனால் அவர் சொன்ன உவமையைக் கணக்கிட்டுப் பார்த்து வியந்தேன். பின்தங்கிய நேரத்தைத் திரையில் அளந்தேன். ஏறக்குறைய கால் வினாடி. எங்கள் ஊர் வெப்பத்தில் ஒலி ஒரு வினாடியில் சுமார் 350 மீட்டர் செல்லும். கால் வினாடிக்கு 87 மீட்டர். மறுநாள் கோயில் வாசலிலிருந்து தேரடிவரை நடந்து எண்ணினேன். நூற்றிருபது காலடி. அதாவது 87 மீட்டருக்குச் சற்று முன்பின். சுவாமி புறப்பாட்டில் மேளம் நீண்டு பிரிந்துவிட்டால் தாளம் எவ்வாறு சிதறும் என்பதை ஆயுள் முழுதும் கேட்டுப் பழகிய காது அது.

இத்தாமதம் எங்கிருந்து வருகிறது? "நெட் ஸ்லோவா இருக்கும், 5ஜி போடு" என்றனர் தோழியர். அது தவறு. பதிவு நடப்பது நம் கணிப்பொறிக்குள்ளேயே. இணையம் பின்னர் ஏற்றி வைப்பதற்குத்தான். உண்மையான காரணம், ஒலி கணிப்பொறிக்குள் துளித்துளியாகச் செல்லாமல் குடம் குடமாகச் செல்வதுதான். ஒரு வினாடி ஒலி 48,000 எண்களாக வெட்டப்படுகிறது. அவ்வெண்கள் ஒரு குடம் நிறையும்வரை காத்திருந்து பிறகே அடுத்த இடத்திற்குப் போகின்றன. அக்குடத்திற்குத்தான் 'பஃபர்' என்று பெயர். 512 எண் கொள்ளும் குடம் நிறைய 512ஐ 48,000ஆல் வகுக்க வரும் நேரம், அதாவது சுமார் 10.7 மில்லி வினாடி ஆகும். மைக்கிலிருந்து உலாவிக்கு ஒரு குடம், உலாவியிலிருந்து ஹெட்போனுக்கு ஒரு குடம், இடையே விண்டோஸ் எல்லாச் செயலிகளின் ஒலியையும் கலக்கும் இடத்தில் மேலும் சில குடங்கள். புளூடூத் என்றால் ஒலியைச் சுருக்கி, காற்றில் அனுப்பி, மறுபடி விரிக்கும் வேலையும் சேர்ந்துகொள்ளும். மிகுதியான தாமதம் அங்கேதான். ஆகையால் புளூடூத்தை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டு வயர் ஹெட்போனுக்கு மாறினேன். தாமதம் கால் வினாடியிலிருந்து சுமார் 90 மில்லி வினாடிக்குக் குறைந்தது. தேரடியிலிருந்து 31 மீட்டர் தூரத்திற்கு வந்துவிட்டார் அப்பா.

ஆனால் அது போதவில்லை. விரைவுக் காலத்தில் ஒரு வினாடிக்கு எட்டு அடி விழுகிறது என்று கொள்வோம். இரண்டு அடிகளுக்கு இடைப்பட்ட நேரம் 125 மில்லி வினாடிதான். அதில் 90 போய்விட்டால் என்ன மிஞ்சும்? "பதிந்தபின் 90 மில்லி வினாடி முன்னே நகர்த்தி வைத்துவிடலாமே" என்று வாசகர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. நானும் அவ்வாறே செய்தேன். இரண்டு தடைகள் வந்தன. பக்கத்தை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தாமதம் 88, 102, 95 என்று மாறிக்கொண்டே இருந்தது. நிலையான பிழையைத் திருத்தலாம். மாறும் பிழையை எங்ஙனம் திருத்துவது? ஆய்வகத்தில் வெர்னியர் அளவியின் சுழிப்பிழை ஒவ்வொரு முறையும் மாறினால் என்ன செய்வோம்? இரண்டாவது, ஹெட்போன் காதை மூடியதும் வலந்தலையில் விரல் செய்யும் நுணுக்கம் அப்பாவுக்குக் கேட்கவில்லை. தம் வாசிப்பையும் மைக் வழியே காதில் விடச் சொன்னார். விட்டால் ஒவ்வொரு அடியும் இரண்டு முறை கேட்டது. கை தடுமாறி, குச்சியைக் கீழே வைத்துவிட்டார். அதற்கு எந்தத் திருத்தமும் பின்னால் செய்ய முடியாது. ஒலி அப்போதே, அந்த நொடியிலேயே திரும்பி வர வேண்டும்.

துணைச் செயலி தேவைப்படுவது இங்கேதான். அதை விளங்கிக்கொள்ள நம் ஆய்வகத்தையே எடுத்துக்கொள்வோம். அலமாரியில் கருவிகள் உண்டு. மாணவர் தாமே திறந்து எடுக்க முடியாது. சீட்டெழுதிக் கொடுத்தால் ஆய்வக உதவியாளர் சாவி போட்டுத் திறந்து, வேண்டியதை மட்டும் எடுத்துத் தருவார். உலாவியில் திறக்கும் ஒவ்வொரு பக்கமும் அந்த மாணவரைப் போன்றது. முன்பின் தெரியாத ஆயிரம் தளங்களைத் திறக்கிறோம். அவை யாவும் நம் கணிப்பொறியின் அலமாரிகளைக் குடைந்தால் கேடு விளையும். எனவே உலாவி அவற்றைப் பூட்டிய அறையில் வைத்திருக்கிறது. முற்காலத்தில் உலாவிக்குள்ளேயே சொருகு நிரல்களை அனுமதித்தார்கள். அவ்வழியே தீங்குகள் புகுந்தமையால் குரோம் 2015இல் அவற்றின் பழைய வகையை நீக்கிவிட்டது. பூட்டுக்கு வெளியே நின்று, உலாவியின் சீட்டை வாங்கி, கருவியை எடுத்துத் தரும் உதவியாளரே துணைச் செயலி.

எல்லாத் துணைச் செயலிகளும் ஒரே வேலையைச் செய்வதில்லை. பேண்ட்லேப் அசிஸ்டன்ட் என்பது கோப்புகளை மொத்தமாக ஏற்றவும் இசைத் துணுக்குகளை இறக்கவும் உதவியது. 2018இல் கேக்வாக் என்னும் பெரிய இசை மென்பொருளை அந்நிறுவனம் இலவசமாக வழங்கியபோது அதனை நிறுவும் வழியாகவும் அதுவே அமைந்தது. ஆம்ப்ட் ஸ்டுடியோவின் துணைச் செயலி வேறு வகை. ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996இல் வகுத்த வி.எஸ்.டி. என்னும் முறையில் அமைந்த வாத்திய நிரல்கள் பலவற்றை உலாவி நேரே இயக்க இயலாது. அவற்றைக் கணிப்பொறியில் வெளியே இயக்கி, ஒலியை மட்டும் உலாவிக்குள் அனுப்புகிறது அது. மூன்றாவது வகை, ஒலிக்கருவியின் விரைவு டிரைவரோடு நேரே பேசுவது. அதே ஸ்டைன்பெர்க் 1997இல் கொண்டுவந்த ஏ.எஸ்.ஐ.ஓ. என்னும் டிரைவர் முறை, விண்டோஸின் கலக்கும் இடத்தைத் தாண்டிக் குறுக்கு வழியில் ஒலியைக் கொண்டு செல்கிறது. உலாவிக்கு அவ்வழி திறப்பதில்லை. துணைச் செயலிக்குத் திறக்கும். எங்களுக்கு வேண்டியது இதுவே. ஆப்பிள் கணிப்பொறிகளில் இத்தொல்லை குறைவு என்பர். எங்கள் தெருவில் ஆப்பிள் பழமே அபூர்வம் ஆதலால் அதனை விட்டுவிடுகிறேன்.

இனி நிறுவும் முறை. தேவாலயப் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் தோழி ஒருத்தி தன் சிறிய யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸைக் கொடுத்தாள். மைக்செட் வைத்திருக்கும் அண்ணன் ஒரு மைக்கைக் கொடுத்து, "கீழ போட்றாதம்மா" என்றார். முதலில் இன்டர்ஃபேஸின் டிரைவரை நிறுவி, கணிப்பொறியை ஒருமுறை அணைத்து எழுப்ப வேண்டும். அதன் பின்னரே துணைச் செயலி. வரிசை மாறினால் செயலியின் பட்டியலில் டிரைவரின் பெயர் தோன்றாமல் போகலாம். எனக்குத் தோன்றவில்லை, ஒரு மாலைப் பொழுது வீணாயிற்று. செயலியை அத்தளத்தின் சொந்தப் பக்கத்திலிருந்தே இறக்க வேண்டும். தேடலில் முதலில் வரும் 'இலவச டவுன்லோடு' பக்கங்களை நம்பலாகாது. அலமாரியின் சாவியையே கொடுக்கப் போகிறோம். யாரிடம் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டாமா?

நிறுவியதும் உலாவியில் எந்தக் கணக்கில் நுழைந்தோமோ அதே கணக்கில் செயலியிலும் நுழைய வேண்டும். பிறகு இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். எப்படி என்றால், ஒவ்வொரு கணிப்பொறிக்கும் தன்னைத்தானே அழைத்துக்கொள்ள 127.0.0.1 என்றொரு முகவரி உண்டு. உலாவி அம்முகவரியில் கதவைத் தட்ட, செயலி திறக்கிறது. பேச்சு முழுதும் பெட்டிக்குள்ளேயே நடக்கிறது. வெளியே இணையத்திற்குச் செல்வதில்லை. இவ்விடத்தில் விண்டோஸின் ஃபயர்வால் குறுக்கிட்டு அனுமதி கேட்கலாம். புதிய குரோம் பதிப்புகளும், இத்தளம் உங்கள் உள் வலையமைப்பில் உள்ளவற்றோடு பேசலாமா என்று கேட்கின்றன. அச்சத்தில் 'வேண்டாம்' என்பதை அழுத்தினேன். அன்று முழுதும் 'செயலி கிடைக்கவில்லை' என்றே திரையில் நின்றது. முகவரிப் பட்டையின் இடப்பக்கத்துக் குறியை அழுத்தி, அந்த அனுமதியை மாற்றியபின் சரியாயிற்று. மைக்குக்கும் இருவேறு அனுமதிகள் உண்டு. உலாவி கேட்பது ஒன்று. விண்டோஸின் தனியுரிமை அமைப்பில், கணிப்பொறியில் நிறுவிய செயலிகளுக்கு மைக்கைத் திறந்துவிடும் பொத்தான் மற்றொன்று. இரண்டாவது மூடியிருந்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். ஒலி மட்டும் வராது.

அடுத்து, செயலிக்குள் டிரைவரைத் தேர்ந்து, சாம்பிள் ரேட்டை அமைக்க வேண்டும். 44,100, 48,000 என்று இரண்டு வழக்கில் உள்ளன. எதுவாயினும் குற்றமில்லை, ஆனால் பாட்டிலும் செயலியிலும் டிரைவரிலும் ஒன்றாயிருக்க வேண்டும். பாட்டு 44,100இல் இருக்க, நான் செயலியில் 48,000 வைத்துவிட்டேன். நாயனத்தை ஒலிக்கவிட்டதும் அப்பா நிமிர்ந்து, "மாப்பிள்ளை வேற நாயனம் வாங்கிட்டானா? முக்கால் கட்டை ஏறிக் கிடக்கே" என்றார். 48,000ஐ 44,100ஆல் வகுத்தால் 1.088. ஒரு அரைக்கட்டை உயர அதிர்வெண் 1.059 மடங்காக வேண்டும். கணக்கிட்டால் ஏற்றம் ஒன்றரை அரைக்கட்டை. அதாவது முக்கால் கட்டை! நான் கால்குலேட்டரைத் தேடிக்கொண்டிருந்தபோதே விடையைச் சொல்லிவிட்டார்.

பஃபர் அளவில் பேராசை கூடாது. 128 வைத்தால் தாமதம் மிகக் குறையும். ஆனால் குடம் சிறிதானால் நடை அதிகம்; எங்கள் பழைய மடிக்கணினியால் ஓடி ஓடித் தண்ணீர் சுமக்க முடியவில்லை. சோளப்பொரி பொரிவதுபோல் இடையிடையே வெடித்தது. 256இல் அடங்கிற்று. மற்ற ஜன்னல்களை மூடி, மின்சாரத்தில் செருகி வைத்தபின் முற்றிலும் நின்றது.

இவை அனைத்தும் முடிந்தும் ஒரு குறை இருந்தது. தொப்பியின் முழக்கம் எழுந்தவுடனேயே யாரோ கையால் பொத்தியதுபோல் அறுந்தது. மைக் பழுது என்று அண்ணனிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். பின்னர் விளங்கிற்று. உலாவி மைக்கைத் திறக்கும்போது, நாம் யாருடனோ பேசப் போகிறோம் என்று எண்ணிக்கொண்டு, எதிரொலியை நீக்கும், இரைச்சலை அடக்கும், ஒலியளவைத் தானே கூட்டிக் குறைக்கும் மூன்று வேலைகளை வழக்கமாகச் செய்யக்கூடும். அதன் கணக்கில் மனிதர் பேச்சே ஒலி, தவில் இரைச்சல்! அந்தப் பாட்டுவரிசை மட்டும் துணைச் செயலியின் வழியே போகாமல் பழைய வழியிலேயே நின்றிருந்தது. வரிசையின் உள்ளீட்டை மாற்றியதும் தொப்பி முழுதாகக் கேட்டது. தளத்தின் அமைப்பில் அம்மூன்றையும் அணைக்கும் பொத்தான்கள் இருந்தால் அவற்றையும் அணைத்துவிடுவது நலம்.

இறுதியாகத் தாமதத்தை அளந்து எழுதி வைக்க வேண்டும். ஹெட்போனை மைக்கின் வாயில் வைத்து, தாளத் தட்டொலியை ஒலிக்கவிட்டுப் பதிய வேண்டும். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் மூலத் தட்டுக்கும் பதிவான தட்டுக்கும் இடையேயுள்ள தூரமே தாமதம். பத்து முறை அளந்தேன். ஒவ்வொரு முறையும் 16 மில்லி வினாடி; மாறவே இல்லை. அதைத் தளத்தின் திருத்தக் கட்டத்தில் இட்டேன். தூரமாகச் சொன்னால் ஐந்தரை மீட்டர். மேடையில் நாயனமும் தவிலும் உட்காரும் இடைவெளியைவிட அதிகம்தான்.

ஒரு ஞாயிறு இரவு, மின்விசிறியை நிறுத்தி, கன்றைத் தாயோடு விட்டு, தெருவிளக்கடியில் விளையாடிய பிள்ளைகளை அம்மா அதட்டி அனுப்பியபின் அப்பா விரல்களில் கூடு மாட்டி அமர்ந்தார். ஹெட்போனில் தம் ஒலியைக் கேட்டு நாலைந்து அடி தட்டிப் பார்த்தார். "இப்ப பக்கத்துல வந்துட்டான்" என்றார். மூன்றாவது முறை வாசித்ததையே வைத்துக்கொண்டோம். நான்கு நிமிடப் பதிவு. மாமாவுக்கு அனுப்பியபோது, "மச்சான் எப்ப திருப்பூர் வந்தாரு?" என்று கேட்டார். பதில் வராதிருந்த மூன்று இடங்களுக்கும் அதையே அனுப்பினோம். ஒரு கோயிலார் தாம்பூலத்துடன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். மற்றொருவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒன்று சொல்ல மறந்தேன். வேலை முடிந்ததும் உலாவியை மூடினால் மட்டும் போதாது. துணைச் செயலி திரையின் கீழ் மூலையில் சிறு படமாய் ஒளிந்து ஓடிக்கொண்டே இருக்கும். சில டிரைவர்கள் ஒலிக்கருவியை அச்செயலிக்கே முழுதும் ஒப்படைத்துவிடுவதால் வேறெதிலும் சத்தம் வராது. மறுநாள் அக்கா படம் பார்க்க உட்கார்ந்து, "என் லேப்டாப்பை ரெண்டு பேரும் சேந்து கெடுத்துட்டீங்க" என்று வீட்டையே இரண்டாக்கினார். அந்தச் சிறு படத்தின் மீது வலப்பக்கப் பொத்தானை அழுத்தி 'வெளியேறு' கொடுத்த பிறகுதான் சாப்பாடு போட்டார்.